ஐபி மாறட்டும், பெயர் மாற வேண்டாம்: டிஎச்சிபி நெட்வொர்க்கில் கணினிப் பெயர்களைச் சரியாகப் பதியவைப்பது எப்படி

திங்கட்கிழமை காலையில் நம் ஊர்ப்பக்கம் கணினி பார்க்கிறவர்களுக்கு வருகிற போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணாச்சி, டேலி ஓப்பன் ஆக மாட்டேங்கு, பிரிண்டும் போகல, வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு.” நடுவில் சனிக்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருந்திருக்காது. ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்து, யாருக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் புதிதாகக் கொடுத்திருக்கும். டேலி டேட்டா இருக்கிற கணினி 192.168.1.5-ல் இருந்தது, இப்போது 192.168.1.9-ல் இருக்கிறது. மற்ற கணினிகள் இன்னும் 5-ஐத் தேடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு வழக்கமாகச் செய்கிற வைத்தியம், ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ஐபியைக் கையால் போட்டுவிடுவது. நான்கு கணினி இருக்கிற கடைக்கு அது ஓடும். பத்தைத் தாண்டினால் எந்த எண்ணை யாருக்குக் கொடுத்தோம் என்பது ஒரு நோட்டில் இருக்கும், நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் யாரோ புது லேப்டாப்புக்கு ஏற்கெனவே இருக்கிற எண்ணையே போட்டு இரண்டும் மோதிக்கொள்ளும். ஐபி அது பாட்டுக்கு மாறட்டும், எல்லாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், அந்தப் பெயர் எப்போதும் சரியான கணினிக்கே போகட்டும் என்பதுதான் நிலைக்கிற வழி. அதற்கு ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: பெயரை எழுதுகிற கை ஒன்றாக இருக்க வேண்டும். எழுதுகிற கைகள் இரண்டாகும்போதுதான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது. கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கை எது என்று முடிவு செய்து, மற்றவற்றை ஒதுக்குகிற வேலைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

குற்றாலத்தில் சீசன் நேரத்து லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். அறை எண்தான் ஐபி முகவரி, அறையைக் கொடுக்கிறவர் டிஎச்சிபி சர்வர், எவ்வளவு நாளைக்கு என்பது லீஸ், கவுண்ட்டரில் இருக்கிற பேரேடு டிஎன்எஸ். வந்தவர் பெயரைச் சொல்லாமல் போனாலும், அறை கொடுத்தவர் பேரேட்டில் எழுதாமல் விட்டாலும், காலி செய்து போனவர் பெயரை அடிக்காமல் வைத்திருந்தாலும், தேடி வருகிறவர் தப்பான கதவைத்தான் தட்டுவார். நெட்வொர்க்கில் பெயர் கெடுவதும் இந்த மூன்று இடத்தில்தான்.

கணினி ஐபி கேட்டு அனுப்புகிற டிஎச்சிபி செய்தியிலேயே தன் பெயரையும் வைத்து அனுப்பும். அதற்கு ஆப்ஷன் 12 என்று எண். விண்டோஸ் இதோடு ஆப்ஷன் 81-ஐயும் அனுப்பும்: அதில் டொமைனோடு சேர்ந்த முழுப்பெயரும், டிஎன்எஸ்ஸில் இதை நான் பதியவா நீ பதிகிறாயா என்கிற குறிப்பும் இருக்கும். அப்புறம் யாராவது ஒருவர், அதாவது அந்தக் கணினியே, இல்லை டிஎச்சிபி சர்வர், டிஎன்எஸ்ஸுக்குப் போய் எழுத வேண்டும். இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஎன்எஸ்ஸில் எழுதுவதற்கான விதிமுறை 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2136. எழுத வேண்டியது இரண்டு: பெயரிலிருந்து முகவரிக்குப் போகிற ஏ ரெக்கார்டு, முகவரியிலிருந்து பெயருக்கு வருகிற பிடிஆர் ரெக்கார்டு. இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், பின்னால் லாக் பார்க்கும்போது எந்தக் கணினி என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

சர்வரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாக் கணினிகளின் பெயரையும் பாருங்கள். விண்டோஸ் 10, 11 போட்டவுடன் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கிப் பின்னால் ஏழு எழுத்து எண்ணாகக் கலந்து ஒரு பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். அந்தப் பெயரை யாரும் நினைவில் வைத்துக் கூப்பிட முடியாது. சர்வீஸ் சென்டரில் ஒரே இமேஜை (முழு டிஸ்கின் நகலை) எல்லாக் கணினிகளுக்கும் இறக்கிக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயராக இருக்கும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைஃபன், அவ்வளவுதான் வரலாம். அண்டர்ஸ்கோர் கூடாது, இடைவெளி கூடாது, ஹைஃபனில் தொடங்கவோ முடியவோ கூடாது. டிஎன்எஸ் ஒரு பெயர்த்துண்டுக்கு 63 எழுத்து வரை விடும், ஆனால் விண்டோஸின் பழைய நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தில் வெட்டிவிடும், அதனால் 15-க்குள் நிறுத்துங்கள். முதல் 15 எழுத்தும் ஒன்றாக இருந்து கடைசி எண் மட்டும் வேறாக இருக்கிற இரண்டு பெயர்கள் வைத்தால் வெட்டுப்பட்ட பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழில் டொமைன் பெயர்கள் உண்டு, ஆனால் அவை உள்ளே பியூனிகோடு என்கிற ஆங்கில எழுத்து வடிவமாக மாறித்தான் ஓடுகின்றன. ஆபீஸ் கணினிக்கு அந்த வேலை வேண்டாம்.

ஆளின் பெயரைக் கணினிக்கு வைக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஆள் வேலையை விட்டுப் போய்விடுவார், மேசை அங்கேயே இருக்கும். வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்றால் பில்-1, பில்-2, டேலி, கோடவுன்-1 என்று வேலையையும் இடத்தையும் வைத்தே பெயர் வையுங்கள். பேட்டையில் கோடவுன், தென்காசியில் கிளை என்று இருந்தால் ஊருக்கு மூன்று எழுத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பெயர் மாற்றுகிற பொத்தான் இருக்கிறது. மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். லினக்ஸில் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ என்று தட்டிப் பெயரைக் கொடுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் 127.0.1.1 என்கிற வரியில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் மாற்றுங்கள்.

உபுண்டு சர்வரை வர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஓடுகிற கணினியாக) நகலெடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பெயரை மாற்றினாலும், மேக் முகவரியை (லேன் கார்டின் வன்பொருள் எண்ணை) மாற்றினாலும் இரண்டு நகலுக்கும் ஒரே ஐபி வருகிறது என்றால் ‘ஈடிசி/மெஷின்-ஐடி’ இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அந்த எண்ணிலிருந்துதான் தன் டிஎச்சிபி அடையாளத்தை உருவாக்குகிறது. நகலில் மெஷின்-ஐடியைப் புதிதாக்குங்கள், அல்லது உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டிஎச்சிபி-ஐடென்டிஃபையர் என்பதற்கு மேக் என்று கொடுங்கள்.

பெயருக்குப் பின்னால் வருகிற டொமைன் வால் என்ன என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ‘டாட் லோக்கல்’ வேண்டாம், அது 2013-ல் ஆர்எஃப்சி 6762 வழியாக எம்டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே பெயர் கேட்டுக்கொள்கிற முறைக்கு, ஒதுக்கப்பட்டுவிட்டது; ஆப்பிள் கருவிகளும் லினக்ஸும் அதைப் பார்த்தவுடன் உங்கள் டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமல் நெட்வொர்க்கில் பொதுவாகக் கத்திக் கேட்கும். கம்பெனிக்குச் சொந்த டொமைன் இருந்தால் அதற்குக் கீழே ஒன்றை வைப்பது முதல் தரம். இல்லாவிட்டால் ‘டாட் இன்டர்னல்’ வைக்கலாம், 2024-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கிற ஐகேன் அமைப்பு அதை உள்நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிவிட்டது. வீட்டுக்கு ‘ஹோம் டாட் ஆர்ப்பா’ இருக்கிறது.

ஒரு நெட்வொர்க்குக்கு ஒரு டிஎச்சிபி

ஃபைபர் இணைப்போடு வருகிற மோடம் தானே டிஎச்சிபி கொடுக்கும். மாடியில் சிக்னல் வரவில்லை என்று வாங்கி மாட்டிய இரண்டாவது வைஃபை ரவுட்டரும் கொடுக்கும். நீங்கள் இப்போது மூன்றாவதாக ஒன்றைப் போட்டால், எது முதலில் பதில் சொல்கிறதோ அதனிடம் கணினி முகவரி வாங்கிக்கொள்ளும். அதன் பெயர் வேறு ஒரு பேரேட்டில் போய்விடும், அல்லது எங்குமே எழுதப்படாது.

மோடத்தில் டிஎச்சிபியை அணையுங்கள். மாடி ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, இணையத்துக்கான வேன் (WAN) ஓட்டையில் இருக்கிற கேபிளைப் பிடுங்கி லேன் ஓட்டையில் செருகுங்கள், அது வெறும் அக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு கணினியிலும் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ தட்டி டிஎச்சிபி சர்வர் என்கிற வரியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் வர வேண்டும். வேறு எண் ஒன்று எங்காவது தெரிந்தால் அந்தக் கருவியைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள், சத்தியமாக நேரம்தான் வீணாகும்.

கரண்ட் போய் வருகிற நம் ஊர்களுக்கு இன்னொன்று முக்கியம். எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போது டிஎச்சிபி சர்வர் கடைசியாக எழுந்தால், அதற்குள் கேட்டு ஏமாந்த விண்டோஸ் கணினிகள் 169.254 என்று தொடங்குகிற முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும் என்றாலும் அதற்குள் பில் போடுகிறவருக்குப் பொறுமை போய்விடும். டிஎச்சிபி தருகிற கருவியும் நடுவில் இருக்கிற சுவிட்சும் கண்டிப்பாக யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பில்லிங் கணினிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு மூலையில் தொங்குகிற சுவிட்சை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிறது.

சின்ன ஆபீஸுக்கு டிஎன்எஸ்மாஸ்க் போதும்

ஆக்டிவ் டைரக்டரி (கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிற விண்டோஸ் சர்வர் ஏற்பாடு) இல்லாத, முப்பது நாற்பது கருவி வரை இருக்கிற இடத்துக்கு நான் டிஎன்எஸ்மாஸ்க்கைத்தான் சொல்வேன், வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். சைமன் கெல்லி எழுதிய சின்ன நிரல் அது. ராஸ்பெரி பை என்கிற கையளவுக் கணினியில் ஓடும், ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற திறந்த மென்பொருள் ஓடுகிற ரவுட்டர்களில் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. டிஎச்சிபி, டிஎன்எஸ் இரண்டையும் அது ஒன்றே பார்ப்பதால் ஐபி கொடுக்கும்போதே பெயரையும் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறது, லீஸ் முடிந்தால் எடுத்துவிடுகிறது, பிடிஆருக்கும் அதுவே பதில் சொல்கிறது. இரண்டு சர்வர் பேசிக்கொள்ள வேண்டிய இடமே இல்லை, அதனால் அங்கே கெடவும் வழியில்லை.

அமைப்புக் கோப்பில் முக்கியமான வரிகள் கொஞ்சம்தான். ‘டொமைன்’ வரியில் நீங்கள் முடிவு செய்த வால். ‘லோக்கல்’ வரியில் அதே வாலை இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் கொடுங்கள், அப்போதுதான் உள்பெயர்களைப் பற்றிய கேள்வி வெளியே இணையத்துக்குப் போகாது. ‘எக்ஸ்பாண்ட்-ஹோஸ்ட்ஸ்’ போட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருக்கிற வெறும் பெயர்களுக்கும் வால் சேரும். ‘டிஎச்சிபி-ரேஞ்ச்’ வரியில் 192.168.10.100 முதல் 192.168.10.200 வரை, லீஸ் 12 மணி நேரம் என்று கொடுங்கள். 100-க்குக் கீழே இருப்பதை ரவுட்டர், சிசிடிவி ரெக்கார்டர், கைரேகை வருகைக் கருவி போன்ற நகராத சாமான்களுக்கு ஒதுக்கி வையுங்கள். கையால் போட்ட ஐபி எதுவும் ரேஞ்சுக்குள் இருக்கக் கூடாது. நெட்வொர்க்கில் வேறு டிஎச்சிபி இல்லை என்று உறுதியான பிறகு ‘டிஎச்சிபி-அத்தாரிடேட்டிவ்’ என்ற வரியையும் சேருங்கள், லீஸ் கோப்பு தொலைந்துபோனாலும் கணினிகள் தொந்தரவில்லாமல் பழைய முகவரியைத் தொடர அது உதவும்.

லீஸ் கோப்பு எங்கே இருக்கிறது என்பது பெயருக்கு ரொம்ப முக்கியம். டெபியன் வகையில் ‘வார்/லிப்/மிஸ்க்’ அடைவில் டிஸ்கில் இருக்கும், கரண்ட் போனாலும் போகாது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அது ‘டெம்ப்’ அடைவில், அதாவது மெமரியில் இருக்கிறது. ரவுட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாப் பெயர்களும் அழிந்துவிடும். கணினிகள் லீஸில் பாதி நேரம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்க வரும், 12 மணி நேர லீஸ் என்றால் ஆறு மணி நேரம் வரை பெயர் தெரியாமல் இருக்கலாம். ஐபியில் எல்லாம் ஓடுகிறது, பெயரில் மட்டும் ஓடவில்லை, சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த மாதிரி ரவுட்டரில் லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள்.

பெயர்த் திருட்டு என்று ஒன்றும் இருக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க்கில் ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருக்கிற பெயரோடு இன்னொன்று வந்தால் பெயர் புதிதாக வந்ததற்குப் போய்விடும், அதன் வழக்கமே அப்படித்தான். யாரோ தன் லேப்டாப்புக்கு ‘டேலி’ என்று பெயர் வைத்துக்கொண்டு வைஃபையில் நுழைந்தால் கடை முழுக்க நின்றுவிடும். அதனால் முக்கியமான கணினிகளை விடக் கூடாது: டேலி சர்வர், பிரிண்டர், பேக்கப் பெட்டி இவற்றுக்கெல்லாம் ‘டிஎச்சிபி-ஹோஸ்ட்’ வரியில் மேக் முகவரி, ஐபி, பெயர் மூன்றையும் கட்டிவையுங்கள், கூடவே ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அதே ஐபியோடு பெயரை எழுதுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் வேறு ஐபியோடு இருக்கிற பெயரை எவர் கேட்டாலும் டிஎன்எஸ்மாஸ்க் கொடுக்காது, கொடுக்கவில்லை என்று லாக்கிலும் எழுதிவைக்கும். வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கிற கடை என்றால் அதை வேறு நெட்வொர்க்காகவே பிரித்துவிடுங்கள்.

உபுண்டுவில் டிஎன்எஸ்மாஸ்க் எழ மறுத்தால், பெரும்பாலும் உபுண்டுவின் சொந்தப் பெயர்த்தேடல் நிரலான சிஸ்டம்டி-ரிசால்வ்டி, டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் ஸ்டப் லிசனரை அணையுங்கள்.

பிரிண்டர்களை மறக்காதீர்கள். எச்பி லேசர்ஜெட் என்றால் ‘என்பிஐ’ என்றும், பிரதர் என்றால் கேபிளுக்கு ‘பிஆர்என்’, வைஃபைக்கு ‘பிஆர்டபிள்யூ’ என்றும் தொடங்கி மேக் எண்ணோடு சேர்த்து ஒரு பெயரை அவையே சொல்லும். டிஎச்சிபி-ஹோஸ்டில் நீங்கள் கொடுக்கிற பெயர் அதை மேவிவிடும், பிரிண்டரின் மெனுவில் போய்த் திண்டாட வேண்டியதில்லை.

போன்களில் ஒரு சங்கடம் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் போலி மேக் முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஸ்டாக் எடுக்கிற டேப்லெட்டுக்கு மேக் வைத்து ஐபி கட்டினால் நிற்காது. அந்த ஆபீஸ் வைஃபையின் அமைப்பில் போய் ‘கருவியின் மேக்’ என்று மாற்றிவிட்டு, பிறகு கட்டுங்கள். சும்மா வந்து போகிற போன்களுக்குப் பெயர் பதிய வேண்டிய அவசியமே இல்லை.

விண்டோஸ் சர்வர் இருக்கிற இடத்தில்

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை அளவில் ஆக்டிவ் டைரக்டரி இருக்கும். இங்கேதான் எழுதுகிற கை இரண்டாகிறது. இயல்பாக விட்டால் விண்டோஸ் கணினி தன் ஏ ரெக்கார்டைத் தானே எழுதும், பிடிஆரை மட்டும் டிஎச்சிபி சர்வரை எழுதச் சொல்லும். பாதுகாப்பான அப்டேட் மட்டும் என்று சோனில், அதாவது ஒரு டொமைனின் பெயர்கள் இருக்கிற டிஎன்எஸ் பகுதியில், வைத்திருந்தால், எழுதியவர்தான் ரெக்கார்டுக்குச் சொந்தக்காரர், வேறு யாரும் தொட முடியாது. ஒரு கணினி எழுதியதை நாளைக்கு டிஎச்சிபி மாற்றப் பார்த்தால் மறுக்கப்படும். இரண்டு டிஎச்சிபி சர்வர் இருந்தால் ஒன்று எழுதியதை இன்னொன்றால் மாற்ற முடியாது. ஐபி மாறியிருக்கும், பெயர் பழைய ஐபியிலேயே நிற்கும்.

நான் எப்போதும் டிஎச்சிபியையே எழுதவிடுவேன். டொமைனில் சாதாரண பயனர் கணக்கு ஒன்றை இதற்கென்றே உருவாக்குங்கள், அட்மின் உரிமை எதுவும் வேண்டாம், பாஸ்வேர்டு காலாவதியாகாதபடி வையுங்கள். டிஎச்சிபி கன்சோலில் ஐபிவி4-இன் பண்புகளில் அட்வான்ஸ்டு பக்கத்தில் கிரெடென்ஷியல்ஸ் என்கிற இடத்தில் அந்தக் கணக்கைக் கொடுங்கள். எத்தனை டிஎச்சிபி சர்வர் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே கணக்கு. டிஎன்எஸ் பக்கத்தில் ‘எப்போதும் அப்டேட் செய்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், லீஸ் நீங்கும்போது ரெக்கார்டை நீக்கு என்பதில் டிக் இருக்கட்டும், அப்டேட் கேட்காத கருவிகளுக்கும் செய் என்பதிலும் டிக் போடுங்கள், பிரிண்டர்களும் லினக்ஸும் அதில்தான் பதியும். ஏற்கெனவே கணினிகள் எழுதிவைத்திருக்கிற பழைய ரெக்கார்டுகளை ஒருமுறை அழித்தால்தான் புதிய ஏற்பாடு பிடிக்கும். ரிவர்ஸ் சோன் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் பிடிஆர் போய் உட்கார இடமே கிடையாது.

செத்த பெயர்களைக் கூட்டுவதற்கு ஸ்கேவெஞ்சிங் இருக்கிறது. இதை சோனிலும் இயக்க வேண்டும், சர்வரிலும் இயக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இயக்கிவிட்டு வருடக்கணக்கில் எதுவும் நீங்கவில்லை என்று இருக்கிற இடங்கள் நிறைய. இயல்பான கணக்கு, 7 நாள் புதுப்பிக்க விடாது, அடுத்த 7 நாள் புதுப்பிக்கக் காத்திருக்கும், அதற்கும் மேலே போனால்தான் நீக்கும். விண்டோஸ் டிஎச்சிபியின் லீஸ் இயல்பாக 8 நாள், புதுப்பிப்பு 4 நாளுக்கு ஒருமுறை, எனவே உயிரோடு இருக்கிற கணினியின் பெயர் தவறிப்போய் நீங்காது. லேப்டாப்கள் தினமும் வந்து போகிற வைஃபைக்கு லீஸை ஒரு நாள் ஆக்கினால் இந்த 7-களையும் அதற்கேற்பக் குறையுங்கள். கையால் எழுதிய ரெக்கார்டுகளுக்கு நேரமுத்திரை இல்லை, அவற்றை ஸ்கேவெஞ்சிங் தொடாது. ஆனால் எல்லா ரெக்கார்டுக்கும் முத்திரை குத்துகிற ‘டிஎன்எஸ்சிஎம்டி /ஏஜ்ஆல்ரெக்கார்ட்ஸ்’ கட்டளையை யாராவது சொல்லக் கேட்டு ஓட்டிவிடாதீர்கள். கையால் எழுதியவையும் கூட்டத்தோடு அடித்துச் செல்லப்படும்.

கணினியின் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஒரே லேப்டாப்புக்கு மூன்று ஐபி பதிவாகிறதா என்று பாருங்கள்: கேபிள், வைஃபை, அப்புறம் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் அதன் 192.168.56.1. அந்த மூன்றாவது முகவரிக்கு வேறு எந்தக் கணினியிலிருந்தும் போக முடியாது, ஆனால் பெயரைக் கேட்டால் சில நேரம் அதுதான் பதிலாக வரும். தேவையில்லாத அடாப்டரில் டிசிபி/ஐபி பண்புகளுக்குள் போய், இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதி என்பதிலிருக்கிற டிக்கை எடுங்கள்.

பைண்ட், கீயா வைத்திருக்கிறவர்களுக்கு

பைண்ட் ஒரு டிஎன்எஸ் சர்வர், கீயா ஒரு டிஎச்சிபி சர்வர், இரண்டும் ஐஎஸ்சி என்கிற அமைப்பின் நிரல்கள். ஐஎஸ்சியின் பழைய டிஎச்சிபி சர்வருக்கு 2022-லேயே பராமரிப்பு முடிந்துவிட்டது. இனி கீயாதான், அதில் டிஎன்எஸ்ஸுக்கு எழுதுவதற்கென்றே டி2 என்று தனி நிரல் இருக்கிறது. பைண்டும் டி2-வும் ஒரே ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ‘டிசிக்-கீஜென்’ கட்டளை அதை உருவாக்கித் தரும். ஐபியை மட்டும் நம்பி அப்டேட்டை அனுமதிக்காதீர்கள், சாவியை வைத்து அனுமதியுங்கள்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு பொறி உண்டு. அந்தச் சாவியால் போடுகிற டிசிக் கையெழுத்தில் நேரமும் சேர்ந்திருக்கிறது, இரண்டு பக்கக் கடிகாரமும் இயல்பாக 300 விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரமே கிடையாது, கரண்ட் போய் வந்தால் இணையம் வரும்வரை அது பழைய நேரத்திலேயே இருக்கும், அதுவரை எல்லா அப்டேட்டும் நேரம் தப்பு என்று மறுக்கப்படும். கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள், செலவு பெரிதில்லை.

அப்டேட் ஆகிற சோன் கோப்பைக் கையால் திருத்தக் கூடாது. மாற்றங்கள் ஜர்னல் கோப்பில் இருக்கும், நீங்கள் நடுவில் புகுந்து எழுதினால் இரண்டும் முரண்படும். திருத்தியே ஆக வேண்டுமென்றால் ‘ஆர்என்டிசி ஃப்ரீஸ்’ தட்டி நிறுத்திவிட்டு, எழுதிவிட்டு, ‘ஆர்என்டிசி தாவ்’ (thaw) தட்டி மறுபடி ஓட விடுங்கள். உபுண்டுவில் இந்த சோன் கோப்புகளை ‘ஈடிசி/பைண்ட்’ அடைவில் வைத்தால் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர் ஜர்னலை எழுதவிடாது, ‘வார்/லிப்/பைண்ட்’ அடைவில் வையுங்கள்.

கேட்கிற பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்

பேரேட்டை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் கணினி வேறு பேரேட்டைப் பார்த்தால் என்ன பயன்? டிஎச்சிபியில் முதல் டிஎன்எஸ்ஸாக உள்சர்வரையும், ‘ஒருவேளை இது போனால்’ என்று இரண்டாவதாக கூகுளின் 8.8.8.8-ஐயும் கொடுப்பது எங்கும் இருக்கிற பழக்கம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரண்டாவது, முதலாவது செத்தால் மட்டும் வருகிற மாற்று ஆள் இல்லை. முதலாவது கொஞ்சம் தாமதித்தாலே கணினி இரண்டாவதைக் கேட்கும், கூகுளுக்கு உங்கள் பில்-1 யாரென்று தெரியாது, அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும், அந்தப் பதிலைக் கணினி கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்லும். வெளியே போக வேண்டிய கேள்விகளை உள்சர்வரே 8.8.8.8-க்கு அனுப்பட்டும், அதுதான் முறை.

ஐபிவி6-ஐ யாரும் கவனிப்பதில்லை. மோடத்தில் ஐபிவி4 டிஎச்சிபியை அணைத்திருப்பீர்கள், அது ஐபிவி6 வழியாகத் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருக்கும். ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ காட்டுகிற டிஎன்எஸ் சர்வர் பட்டியலில் கோலன்கள் நிறைந்த நீள முகவரி முதலில் நின்றால் இதுதான் காரணம். மோடத்தின் ஐபிவி6 லேன் அமைப்பில் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள், அல்லது அங்கே உங்கள் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். பிரவுசரில் மட்டும் உள்பெயர் திறக்கவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் பிரவுசரின் செக்யூர் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள், அது நேராக வெளியே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்.

சோதிக்கும்போது

பிங்கை நம்பாதீர்கள். விண்டோஸில் பிங், டிஎன்எஸ்ஸில் பெயர் கிடைக்காவிட்டால் எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் என்று பக்கத்தில் கத்திக் கேட்டுக் கண்டுபிடித்துவிடும். பதிவே ஆகாத பெயரும் பிங்கில் ஓடும், வேறு சப்நெட்டிலிருந்து (தனியாகப் பிரித்த வேறு நெட்வொர்க்கிலிருந்து) பார்த்தால் ஓடாது. ‘என்எஸ்லுக்அப்’ நேராக டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கும். பெயரைக் கொடுத்து ஐபி வாங்குங்கள், அந்த ஐபியைக் கொடுத்துப் பெயர் வாங்குங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் அந்தக் கணினிக்கே போய் ‘ஐபிகான்ஃபிக்’ காட்டுகிற ஐபியும் அதுதானா என்று பாருங்கள். மாற்றம் செய்த பிறகு சோதிக்கிற கணினியில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ தட்டாமல் முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் தானே பதிகிற ஏற்பாட்டில் இருந்தால் ‘ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்’ தட்டினால் உடனே மறுபடி பதியும். டிஎச்சிபி பதிகிற ஏற்பாட்டில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, ‘ஐபிகான்ஃபிக் /ரின்யூ’ இரண்டையும் தட்டுங்கள்.

ஒரு கருவி பெயரைச் சொல்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தால் சர்வரில், நெட்வொர்க்கில் போகிற செய்திகளைக் காட்டுகிற ‘டிசிபிடம்ப்’ எடுத்து 67, 68 போர்ட்டுகளைக் கவனியுங்கள். கருவி கேட்கிற செய்தியில் ஹோஸ்ட்நேம், ஆப்ஷன் 12 என்று வரி வந்தால் அது சொல்கிறது, தப்பு சர்வரில். வரவில்லை என்றால் கருவியின் பக்கம்: லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜரின் டிஎச்சிபி-செண்ட்-ஹோஸ்ட்நேம் அமைப்பை யாரோ அணைத்திருக்கலாம். சில சிசிடிவி பெட்டிகள் பெயரே சொல்வதில்லை, அவற்றுக்கு மேக்கை வைத்து நீங்களே பெயர் கொடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியானதும் டேலியின் டேட்டா பாதை, மேப் செய்த டிரைவ்கள், பிரிண்டர் போர்ட்டுகள், பேக்கப் நிரல் இவற்றில் எல்லாம் ஐபி இருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்துப் பெயராக மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மேலே செய்தது எதற்கும் பலன் தெரியாது.

பின்னால் ஒருநாள் பழைய கணினி செத்து, புதியதை அதே பெயரில் வைக்க நேரும். டிஎன்எஸ்மாஸ்க்காக இருந்தால் டிஎச்சிபி-ஹோஸ்ட் வரியில் மேக்கை மாற்றினால் முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகள் தாங்களே எழுதுகிற ஏற்பாட்டை இன்னும் விட்டுவைத்திருந்தால், பழைய ஏ ரெக்கார்டுக்குச் சொந்தக்காரர் அந்தச் செத்த கணினியின் கணக்குதான், அதனால் புதியதை டொமைனில் சேர்ப்பதற்கு முன்பே பழைய ரெக்கார்டையும் பிடிஆரையும் கையால் அழித்துவிடுங்கள். மதர்போர்டு மட்டும் மாற்றினாலும் மேக்கைப் பார்க்க மறக்காதீர்கள், அந்த லேன் கார்டின் மேக் பழைய போர்டோடு போயிருக்கும்.